நிறுத்தியதாக நினைத்த பொத்தான்

1

சிங்கப்பூரில் எந்த டேப் ரெக்கார்டர் நல்லது என்று ஊரிலிருந்து என்னைக் கேட்காதவர்கள் இல்லை. கப்பலில் வேலை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். சென்ற மாதம் பங்குச் சாமியாரே ஆள் விட்டுக் கேட்டிருந்தார். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். அதையும் இரண்டாவது தடவை எழுதித்தான் தேறினேன். கடைகள் நிறைந்த ஊரில் குடியிருக்கிறேன் என்பதைத் தவிர, மெஷின்களைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. ஆனால் போன தவக்காலத்தில் நான் தூத்துக்குடிக்கு ஒரு கேசட் அனுப்பினேன். அதற்குப் பிறகு மெஷின்களைப் பற்றி எனக்கு நிறைய அபிப்பிராயங்கள் உண்டாகிவிட்டன. இப்போது மறுபடியும் தவக்காலம். இந்தப் பத்திரிகை ஆசிரியரும் தெரிந்ததை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

முதலில் வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கம்பெனிப் பேரைப் பார்க்காதீர்கள். பொத்தான்களைப் பாருங்கள். ஒரு விரல் வைத்தால் இரண்டு பொத்தான் அமுங்குகிற மாதிரி நெருக்கமாக இருந்தால் வேண்டாம். ஒலிப்பதிவு ஆகும்போது சிவப்பு விளக்கு எரிகிறதா என்று கேளுங்கள். எரியாத மாடலை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மைக்கைத் தனியாக வயரில் மாட்டுகிற பழைய மாடல்தான் என் கணக்கில் மேலானது. மைக்கைக் கையில் பிடித்தால் பேசுகிறோம், கீழே வைத்தால் பேசவில்லை. இப்போது வருகிறவற்றில் மைக்கை மெஷினுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். ஊசிக்கண் மாதிரி நாலைந்து துளை மட்டும் வெளியே தெரியும். அதற்குப் பின்னால் காது இருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. மனிதருக்குக் காது வெளியே தெரிகிறது. அதனால்தான் நாம் ஒருவர் எதிரில் வாயை அடக்கிக்கொள்கிறோம்.

நாங்கள் வாங்கியது துளை வைத்த மாடல். விளக்கு இல்லாதது. கடைக்காரர் எல்லாப் பொத்தானையும் படபடவென்று அழுத்திக் காட்டி, புரிந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். புரியாத இடத்தில் தலையாட்டுவது எனக்குச் சிறு வயதிலிருந்தே பழக்கம்.

2

நாங்கள் இருப்பது அடுக்குமாடிக் கட்டடம். லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒரு மாடி மேலே போய் இறங்கி, படியில் கீழே வரவேண்டும். அதுவும் ஒரு மெஷின்தான். யாரோ ஒருவர் நமக்காக யோசித்து, பாதி வழியில் யோசிப்பதை நிறுத்திவிட்டார் என்று அதில் ஏறும்போதெல்லாம் தோன்றும். என் வீட்டுக்காரர் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஸ்டோர் கீப்பர். அவருடன் வேலை பார்க்கிறவர் புதிதாக வந்திருக்கும் எண் கடிகாரம் கட்டியிருக்கிறார். பொத்தானை அழுத்தினால்தான் சிவப்பாக மணி தெரியும். ஒரு கையில் பை இருந்தால் மணி பார்க்க முடியாது. மணி பார்க்க இரண்டு கை கேட்கிற கடிகாரத்தை முன்னேற்றம் என்கிறார்கள்.

எங்கள் ஒரே மகள் ஜெசிந்தாவுக்குப் பதினான்கு வயது. கணக்குப் போடும் சின்ன மெஷின் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். ஆங்கிலப் பள்ளிக்கூடம். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். ‘சோறு வைக்கட்டுமா’ என்று கேட்டால் ‘லேட்டர்’ என்பாள். ஆங்கிலத்தில் கோபப்படவும் சிரிக்கவும் அவளுக்கு வருகிறது, எனக்கு வரவில்லை. ஆகவே எங்களுக்குள் சண்டைகூட ஒழுங்காக நடப்பதில்லை.

அடையாள அட்டை வாங்கப் போனபோது அங்கே இருந்தவர் பெர்னாந்து என்ற பேரைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், பிறகு மலாயில் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் இனம் என்ற இடத்தில் எதையோ எழுதப் போனார். ஜெசிந்தா குறுக்கே புகுந்து, ‘எங்கம்மாவுக்கு நீங்கள் கேட்டது புரியவில்லை, அவர் இந்தியர், தமிழ் பேசுகிறவர்’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

இப்படிப்பட்ட நான் ஊருக்குக் கேசட்டில் பேசுவது எப்படி? எழுதிவைத்துக்கொண்டு படிப்பேன். ‘அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும் மற்றும் அனைவருக்கும், இங்கு நாங்கள் யாவரும் நலம்’ என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி முடித்துவிடுவேன். பேசியதை ஒருதரமும் போட்டுக் கேட்டதில்லை. என் குரலை வெளியிலிருந்து கேட்டால் எனக்கு உடம்பு கூசும். முதல்முதலில் கடைக்காரர் சோதனைக்காக என்னை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லித் திருப்பிப் போட்டபோது, யாரோ மூக்கடைத்த பெண் பேசுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். அன்றோடு சரி.

அங்கே எப்படிக் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருவே அண்ணன் வீட்டுக்கு வந்துவிடும். மெஷினைச் சாமி படத்துக்குக் கீழே வைப்பார்கள். கரண்டு இருக்காது என்பதால் பேட்டரிதான். பேட்டரி சோர்ந்துபோனால் மைனி அதைக் கருவாட்டுக்குப் பக்கத்தில் வெயிலில் காயவைத்து எடுப்பாள். அதில் ஓரளவு உயிர் வரும். ஒருதரம் சரியாகக் காயாமல், ‘அமலிக்கு ஆம்பளைக் கொரலு வந்துட்டு, அங்கன தண்ணி ஒத்துக்கலையோ’ என்று கவலைப்பட்டுப் பதில் கேசட்டில் கேட்டிருந்தாள். இன்னொரு வழக்கமும் உண்டு. பேச்சு முடிந்தாலும் நிறுத்தமாட்டார்கள். நாடா கடைசிவரை ஓடவேண்டும். மறந்துபோனது எதையாவது கடைசியில் சொல்லியிருப்பேனாம்.

3

மைனி என்பது என் அண்ணனின் மனைவி. ‘எழுதிக்கோளா, ஆனா எம்பேரப் போட்டே, தெரியும் சேதி’ என்று சொல்லியிருப்பதால் பேரைப் போடவில்லை. தெருவுக்கு எப்படியும் தெரியும்.

அண்ணன் தோணியில் கொழும்புக்குச் சரக்குக் கொண்டுபோகிறவர். வீட்டில் இருக்கிற நாளைவிடக் கடலில் இருக்கிற நாள் அதிகம். மைனி எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் ஏழாம் வகுப்பு. அடுத்த வருஷமே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு என் தலையை வாரியது, எனக்காக வாத்தியார் வீட்டில் போய் நின்றது, எனக்கு மாப்பிள்ளை பார்த்தது எல்லாம் மைனிதான். நான் பரீட்சையில் தவறியபோது, போதும் நிறுத்திவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். மைனி கேட்கவில்லை. இரண்டாவது தடவை நான் எழுதிமுடிக்கும்வரை பள்ளிக்கூட வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள். இன்று எனக்கு ஊர் என்று இருப்பது அந்த ஒரு வீடு. அது இல்லாவிட்டால் தூத்துக்குடியில் இறங்கி நான் எந்தத் தெருவுக்கு நடப்பது?

அவளைத்தான் நான் வீட்டில் நடித்துக்காட்டுவேன்.

வெளியில் நான் வாய் திறக்காதவள். வீட்டில் அப்படியில்லை. யார் பேசினாலும் அப்படியே பேசிக்காட்ட எனக்கு வரும். இது ஊரில் யாருக்கும் தெரியாது. ஜெசிந்தாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, சாப்பிட மறுத்த ஒருநாள் மைனியைப் போலப் பேசிக்காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து இது வழக்கமாகிவிட்டது. வளர வளர அவள் என்னைவிட்டு விலகிப்போனபோதும் இது மட்டும் மிஞ்சியது. ‘ம்மா, அத்தை மாதிரி செய்’ என்பாள். அவள் தமிழில் என்னிடம் எதையாவது கேட்டு வாங்குவது இது ஒன்றைத்தான். கேட்டால் மறுக்க எனக்கு மனம் வராது.

அன்று மாலை கேசட்டில் வழக்கம்போல என் காகிதத்தைப் படித்து முடித்தேன். வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் இரண்டு வார்த்தை பேசட்டும் என்று நினைத்து, முழுதாக நிறுத்தும் பொத்தானை விட்டுவிட்டு, தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தானை அழுத்தினேன். அதை மறுபடி அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். சாப்பாட்டு மேஜையைத் துடைப்பதற்காக மெஷினைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். தூக்கும்போது என் விரல் அந்தப் பொத்தானில் பட்டிருக்க வேண்டும். நாடா ஓட ஆரம்பித்தது. விளக்கு இல்லை. சத்தமும் இல்லை.

ஜெசிந்தா சாப்பிட உட்கார்ந்தாள். மீன் குழம்பு. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, ‘அத்தை மாதிரி செய்’ என்றாள். செய்தேன்.

“ஏளா அமலி, நீ ஒண்ணும் அனுப்பாதளா. எங்களுக்கு இங்கன என்ன கொறச்சல்? சீலையா? வேண்டவே வேண்டாம். இருக்கதே பெட்டியில கெடந்து மக்குது. ஆனா அந்த ஊதாப் பூப்போட்டது இருக்கு பாரு, நம்ம அந்தோணியம்மா கோயிலுக்குக் கட்டிட்டு வந்தாளே, அதுமாதிரி எங்கயாவது கண்ணுல பட்டா... வாங்காத. சும்மா பாத்து வை.”

ஜெசிந்தா தண்ணீர் புரையேறச் சிரித்தாள். சிரிக்கிறாளே என்று நான் மேலே போனேன். மைனி கேசட்டில் பேசும்போது என் அம்மா பேரைச் சொல்லி அழுவாள். அழுதுகொண்டே இருக்கும்போது அடுத்த சாமான் ஞாபகம் வரும். அதையும் செய்தேன். மூக்கை உறிஞ்சி, “ஒங்கம்மா இருந்தா ஒன்னய இப்படிக் கடலு தாண்டி விட்டிருப்பாளாளா... அந்த டார்ச்சு லைட்டு, மூணு பேட்டரிக் கட்டை போடுறது, அண்ணனுக்குத் தோணியில ஆவும்...” என்று செய்தேன்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அது நடிப்பு, சிரிப்பு. சிரித்து ஓய்ந்ததும் என் சொந்தக் குரலில் ஒன்று சொன்னேன். “அங்க இருக்கவங்களுக்கு நாமெல்லாம் மனுசரு இல்ல, கடை.” ஜெசிந்தா அதற்குச் சிரிக்கவில்லை. நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அலமாரி மேலிருந்து டக்கென்று ஒரு சத்தம் வந்தது. பல்லி விழுந்திருக்கும் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் களைத்துப்போய் வந்து, ‘நீ பேசினதே போதும், அனுப்பிவிடு’ என்று சொல்லிவிட்டார். மறுநாள் நாடா கடைசிவரை ஓடியிருந்ததைப் பார்த்தேன். நான் அவ்வளவு நேரமா பேசினேன் என்று ஆச்சரியப்பட்டேன். போட்டுக் கேட்டிருக்கலாம். என் குரலைக் கேட்கப் பயந்துகொண்டு அப்படியே உறையில் போட்டு ஒட்டினேன்.

4

வியாகுலம் அண்ணாச்சி எங்கள் தெருக்காரர். சரக்குக் கப்பலில் சாரங்கு, அதாவது டெக் ஆட்களுக்குத் தலைவர். அவர் கப்பல் சிங்கப்பூருக்கு வந்தால் ஒரு நேரம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்தக் கேசட் போய்ச் சில மாதம் கழித்து, மைனியின் பதில் கேசட் ஏன் இன்னும் வரவில்லை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மக்ரூன் டப்பாவோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“ஏளா அமலி, கோயில்ல ஜெபம் சொல்லும்போதுகூட ஒஞ்சத்தம் பக்கத்துல இருக்கவளுக்குக் கேக்காது. நீயாளா அது?”

“எது அண்ணாச்சி?”

“டேப்புல! ஒங்க மைனிய உரிச்சு வச்சிட்டியே! நான் அன்னைக்கு லீவுல ஊர்லதான கெடந்தேன். தெருவே இருந்து கேட்டுச்சு. அந்த ஊதாச் சீலைப் பேச்சு வந்ததும் அந்தோணியம்மா மூஞ்சியப் பாக்கணுமே!”

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் விளங்கியது. அலமாரி, டக்கென்ற சத்தம், ஓடித் தீர்ந்த நாடா எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். எனக்கு இது தெரியாது என்பதை அப்போதுதான் அண்ணாச்சி கண்டுகொண்டார். சிரிப்பு அவர் முகத்தைவிட்டு மெதுவாக இறங்கியது.

“தெரியாமப் பதிஞ்சிட்டா?” என்றார்.

நான் தலையாட்டினேன்.

“நீ படிச்சு முடிச்ச பொறவு ஒண்ணுங் கேக்கலளா. தட்டு, கரண்டிச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். தீந்துட்டு, நிறுத்துங்கன்னு ஒருத்தன் எந்திரிச்சான். ஒங்க மைனிதான், ‘நிறுத்தாதிய, புள்ள சாப்பிடுற சத்தம் கேக்கு, கேப்போம்’ன்னா.”

எனக்கு அந்த இடத்தில்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

“மைனி என்ன சொன்னாங்க அண்ணாச்சி?”

“சிரிச்சாளே. எல்லாரோடயும் சேந்து மொதல்ல அவதான் சிரிச்சா.” மீன் துண்டை இலையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். “அந்த அழுவுறது வந்ததும் கொஞ்சம் சும்மா இருந்தா. கடைசியில நீ ஒண்ணு சொன்னீலா...”

அண்ணாச்சி தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

“எல்லாருக்கும் காப்பி போடுதேன்னு உள்ள போனா. நாங்களும் இருந்து இருந்து பாத்தோம். காப்பி வரல. அப்புறம் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வந்துட்டோம்.”

ஜெசிந்தா தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. என்னைப் பார்த்தாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

மெஷின் செய்த தப்பு என்று சொல்ல எனக்கு ஆசை. கொஞ்சம் உண்மையும் அதில் உண்டு. ஒரு மெஷின் தான் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பக்கத்தில் இருக்கிறவருக்குச் சொல்லவேண்டும். அடுப்பு எரிந்தால் தெரிகிறது. தையல் மெஷின் ஓடினால் கேட்கிறது. வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற மெஷினை வீட்டில் வைத்திருப்பது, முக்காடு போட்ட ஆளைச் சமையலறையில் உட்காரவைத்திருப்பதற்குச் சமம். செய்கிறவர்கள் வருஷத்துக்கு ஒரு மாடல் விடுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பொத்தானைக் கூட்டுகிறார்கள். பாதியில் நிறுத்த ஒரு பொத்தான், முழுதாக நிறுத்த ஒரு பொத்தான் என்று இரண்டு எதற்கு? நிறுத்தினால் நிற்கவேண்டும். அவ்வளவுதான்.

இப்படியெல்லாம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “மெஷின் நீ பேசாததையா பதிவு பண்ணிச்சு?” என்றார்.

மன்னிப்புக் கேட்டு ஒரு கேசட் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். ‘மைனி’ என்று ஆரம்பித்ததும், தெருவே உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. அந்தோணியம்மா முன்னால் இருப்பாள். நிறுத்தி அழித்தேன். மறுபடி ஆரம்பித்தேன். நடிப்பு மாதிரி இருந்தது. அழித்தேன். அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டு, இதையும் இவள் நடித்துக்காட்டுகிறாள் என்று நினைத்துவிட்டால்? அதையும் அழித்தேன். காகிதத்தில் அடித்து எழுதினால் அடித்த இடமாவது தெரியும். இவள் சொல்லத் தவித்திருக்கிறாள் என்று படிக்கிறவருக்குப் புரியும். நாடாவில் அழித்த இடம் வழவழவென்று இருக்கிறது. தவிப்பு எதுவும் அதில் மிஞ்சாது. அழிப்பதை இவ்வளவு சுலபமாக்கியிருக்கக் கூடாது என்பது என் இன்னொரு அபிப்பிராயம்.

கடைசியில் எப்போதும்போல ஒரு நீலக் காகிதக் கடிதம் போட்டேன். யாவரும் நலம், பள்ளி விடுமுறையில் கிறிஸ்துமஸுக்கு வருகிறோம் என்று மட்டும் எழுதினேன். அண்ணன் கையெழுத்தில் பதில் வந்தது. எல்லாரும் சுகம், வாருங்கள் என்றிருந்தது. மைனியிடமிருந்து அப்போதும் கேசட் வரவில்லை. அந்தத் தவக்காலத்துக்குமுன் அவள் கேசட் வராமல் இரண்டு மாதம் போனதில்லை.

6

கப்பலில் வந்து, சென்னையில் சுங்கச் சோதனையில் அரைநாள் நின்று, ரயிலில் ஊர் வந்து சேர்ந்தோம். வாசலில் மைனி நின்றாள். என்னைக் கட்டிக்கொண்டாள். ஜெசிந்தாவின் கன்னத்தைத் தடவி, “வாங்க. நல்லாயிருக்கீங்களா? கை கால் கழுவுங்க, சாப்பிடலாம்” என்றாள்.

ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். மைனி அவளை உரிமையோடு ‘ஏளா’ என்று கூப்பிடுவாள் என்று வழியெல்லாம் காத்துக்கொண்டு வந்தவள் அவள்.

மைனி எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை. மூன்று வேளையும் மீன். படுக்கப் புதுப் பாய். ஆனால் பேச்சு மட்டும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி அளந்து வந்தது. கேட்டதற்குப் பதில், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. என்னை ‘அமலி’ என்றாள், ‘ஏளா’ வரவில்லை. அம்மா பேரை எடுக்கவில்லை. அழவில்லை. எதுவும் வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை. ஊதாப் பூப்போட்ட சேலையைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்து, “நல்லாயிருக்கு” என்று சொல்லிப் பீரோவில் வைத்தாள். டேப் ரெக்கார்டர் சாமி படத்துக்குக் கீழேயே இருந்தது. பின்னல் துணி போட்டு மூடியிருந்தது. பேட்டரியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

வாயைத் திறந்தால் தன் பேச்சை நான் எடுத்துக்கொண்டுபோய்ச் சிங்கப்பூரில் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிடுவேன் என்று மைனி பயப்படுகிறாள் என்பது எனக்கு இரண்டாம் நாளே விளங்கிவிட்டது. தன் வீட்டிலேயே ஒருத்தி இப்படிப் பார்த்துப் பார்த்துப் பேசவேண்டியிருந்தால் அதற்கு யார் காரணம்?

“ம்மா,” என்று ஜெசிந்தா இரவுச் சாப்பாட்டுக்கு முன் என்னைத் தனியாக இழுத்துக் கேட்டாள். “இவங்கதானா அந்த அத்தை?”

மறுநாள் மைனி மீன் கழுவும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “மைனி, அந்த டேப்பு...” என்று ஆரம்பித்தேன்.

“அதுல என்ன இருக்கு? மெஷின் சரியில்ல. அதான்,” என்றாள். செதிலைத் தட்டிவிட்டு, “அந்தச் சட்டிய எடுக்கியா?” என்று கேட்டாள். நான் எடுத்துக் கொடுத்தேன். சிங்கப்பூரில் நான் சொல்லிக்கொண்டிருந்த அதே சாக்கை அவள் எனக்காக எடுத்து வைத்திருந்தாள். இனி அதைப் பற்றி நான் பேச வழியில்லாமல் போயிற்று.

கிறிஸ்துமஸ் முடிந்து, திரும்புவதற்குச் சில நாள் இருக்கும்போது, மில்லர்புரத்தில் கூடப்படித்தவள் ஒருத்தியைப் பார்க்கப் போனேன். அவள் வீட்டில் இல்லை. சாயங்காலம் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் மூன்று மணிக்கே திரும்பிவிட்டேன். முன்வாசல் திறந்து கிடந்தது. பின்கட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தோணியம்மாவும் இன்னும் இரண்டு மூன்று பெண்களும் இருந்தார்கள். நடுவில் ஜெசிந்தாவின் குரல் கேட்டது. தமிழில்!

“அன்புள்ள அண்ணனுக்கும் மைனிக்கும்... ம்ஹும்... மற்றும் அனைவருக்கும். இங்கு நாங்கள்... ம்ஹும்... யாவரும் நலம்.” காகிதத்தைத் திருப்புகிற சத்தத்தைக்கூட வாயால் செய்தாள். மூக்கடைத்த குரல். கடையில் அன்று நான் கேட்ட அதே பெண்ணின் குரல்.

“அடி ஆத்தே! அப்படியேலா இருக்கு!” என்றாள் அந்தோணியம்மா.

“அது டேப்புலளா,” என்றது இன்னொரு குரல். மைனி. பழைய மைனி. நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல். “நேருல எப்படின்னு நான் சொல்லுதேன், கேளு. ‘எங்க ஊர்ல குழாயத் தொறந்தா எந்நேரமும் தண்ணி வரும் மைனி. எங்க ஊர்ல ரோட்டுல துப்புனா புடிச்சிருவான் மைனி. எங்க ஊர்ல மீன அறுத்துக் கழுவியே தந்துருவான் மைனி.’ கேட்டியளா? எங்க ஊராம்! மாதா கோயில் மணியடிக்கக் கேட்டுப் பொறந்தவ, அவளுக்கு எது ஊராம் பாரு!”

நான் கூடத்தில் நின்றேன். மீனைப் பற்றி நான் அன்று காலைதான் சொல்லியிருந்தேன். ‘எங்க ஊர்ல’ என்றா சொன்னேன்? சொல்லியிருப்பேன். மைனி இல்லாததைச் சொல்கிறவள் இல்லை.

“இன்னும் ஒண்ணு,” என்றாள் மைனி. அதற்குப் பிறகு பேச்சில்லை. நான் இரண்டடி முன்னே போய்க் கதவிடுக்கில் பார்த்தேன். மைனி ஒரு தம்ளரைக் கையில் எடுத்தாள். தண்ணீரில் ஏதும் கிடக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தாள். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. பிறகு முந்தானை நுனியால் தம்ளரின் விளிம்பை, யாருக்கும் தெரியாமல் துடைப்பதுபோல, சுற்றித் துடைத்தாள். துடைத்துவிட்டு வாயில் வைத்தாள்.

பெண்கள் சிரித்தார்கள். நான் அப்படிச் செய்வேன் என்று எனக்குத் தெரியாது. மைனி வீட்டுத் தம்ளர். அதில்தான் நான் வளர்ந்தேன்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. “சிங்கப்பூர்ல அம்மா அப்படிப் பண்ணமாட்டாங்க அத்தை,” என்றாள். “இங்க வந்துதான்.”

அந்தோணியம்மா அப்போது என்னைப் பார்த்துவிட்டாள். சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. ஜெசிந்தா தரையைப் பார்த்தாள். எனக்குக் காது எரிந்தது. திரும்பி முன்வாசலுக்குப் போய்விடலாம், வெயிலில் தலைவலி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கால் சொன்னது.

மைனி மட்டும் முகத்தை மாற்றவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“ஏளா, வந்துட்டியா? இங்கன வந்து இரி. இன்னும் முடியல.”

நான் போய் ஜெசிந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைனி முந்தானை நுனியை எடுத்துத் தம்ளரை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தாள்.